தொலைவிலிருந்து ஒரு கணினி வைத்தியம்

(முதியோரும் கணினியும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பகுதி சிறியது. கணினி நுட்பம் அறியாத ஒரு பெரியவரின் கணினியில் நச்சு நிரல் புகுந்துவிட்டது. அவர் ஓர் ஊரில் இருக்கிறார், நாம் வேறோர் ஊரில் இருக்கிறோம். உடனே நேரில் போக வழியில்லை. எப்படி உதவுவது?

இது இளையர்கள் பேசிக்கொள்ள வேண்டிய தொழில்நுட்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று ஒரு மூத்தவரின் கணினியில் அவருடைய வங்கிக் கணக்கு இருக்கிறது, பேரப்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, இறந்துபோன மனைவியின் குரல்கூடப் பதிவாக இருக்கலாம். அதற்குள் அந்நியன் ஒருவன் நுழைவதும் வீட்டுக்குள் திருடன் நுழைவதும் ஒன்றுதான்.

ஆசை, அச்சம், அவசரம்

நச்சு நிரல்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய இரண்டு சகோதரர்கள் ‘பிரெயின்’ என்ற நிரலை எழுதினார்கள். தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நெகிழ்வட்டு வழியாக அது கணினிக்குக் கணினி தாவியது. அதன் உள்ளே அந்தச் சகோதரர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. முகவரி கொடுத்துவிட்டு வரும் திருடனை இனி நாம் பார்க்கப் போவதில்லை!

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பீன்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. ‘ஐ லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. இணைப்பாக ஒரு காதல் கடிதம் வந்திருப்பதுபோல் தோன்றும். திறந்தால் கணினியில் உள்ள கோப்புகள் கெடும். முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதே கடிதம் தானாகப் போய்ச் சேரும். சில நாள்களில் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கணினிகளை அது பாதித்தது.

அந்த நிரலை எழுதியவர் கணினியின் பூட்டை உடைக்கவில்லை. மனிதனின் மனத்தைத் தட்டினார், மனிதன் கதவைத் திறந்துவிட்டான். இன்றுவரை அதுதான் நடக்கிறது. ஆசை, அச்சம், அவசரம் என்ற மூன்றும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட பூட்டும் திறந்துவிடும். இதற்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு கிடையாது.

தைப்பிங்கிலிருந்து ஓர் அழைப்பு

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் மூத்த நண்பர் ஒருவர் மலேசியாவில் தைப்பிங்கில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எழுபது வயதைக் கடந்தவர். தாம் படித்த தோட்டத்துப் பள்ளியின் வரலாற்றைத் தம் கணினியில் எழுதிவந்தார். நூறு பக்கங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

2021 ஜூன் மாதம். நோய்ப்பரவல் காரணமாக மலேசியாவில் முழு முடக்கம். எல்லை மூடப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து நான் போக முடியாது. அவர் ஊரில் கணினிக் கடைகளும் பூட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது.

“தம்பி, கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் பூந்திருச்சாம். மூலையில சிவப்பா வந்து வந்து சொல்லுது. ஒரு நம்பர் போட்டிருக்கான், உடனே கூப்பிடச் சொல்றான். அவனைக் கூப்பிடறதா, உங்களைக் கூப்பிடறதான்னு கால் மணி நேரமா யோசிச்சேன்.”

“என்னைக் கூப்பிட ஏன் யோசித்தீர்கள் ஐயா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே எல்லாரும் கவனிக்க வேண்டும்.

“பையன்கிட்ட போன தடவை கேட்டேன், எரிஞ்சு விழுந்தான். உங்களுக்கும் தொந்தரவு கொடுக்க மனசு வரல. நம்பர் போட்டிருக்கிறவன் மரியாதையாத்தானே பேசுவான்?”

நண்பர்களே, அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஏமாற்றுக்காரன் திட்டமாட்டான். ‘சார்’, ‘மேடம்’ என்று பணிவாகப் பேசுவான். ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வான். நம் வீட்டுப் பெரியவருக்கு நாம் கொடுக்காத பொறுமையை அவன் கொடுக்கிறான். அதற்குரிய கட்டணத்தைப் பின்னால் அவருடைய சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறான். ஆகவே, நச்சு நிரலை நீக்கும் வேலை நம் நாவை அடக்குவதில் தொடங்குகிறது.

முதலில் கேட்க வேண்டியவை

“ஏன் அதை அழுத்தினீர்கள்?” என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியால் ஒரு நன்மையும் இல்லை. மூன்று கேள்விகள்தாம் அப்போது தேவை. அந்த எண்ணுக்கு அழைத்தீர்களா? யாராவது சொல்லி எதையாவது பதிவிறக்கம் செய்தீர்களா? வங்கி எண்ணையோ கடவுச்சொல்லையோ எங்காவது தட்டச்சு செய்தீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் பதறத் தேவையில்லை. ஒன்றுக்கு ஆம் என்றாலும் கணினியை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து முதலில் வங்கியை அழைக்க வேண்டும். கணினியைப் பிறகு சரிசெய்யலாம், போன பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

நண்பர் மூன்றுக்கும் இல்லை என்றார். அடுத்து, இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். உள்ளே எது இருந்தாலும் வெளியே இருப்பவனோடு அது பேச முடியாமல் போகும். பிறகு, கணினித் திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நூறு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை ஒரு படம் சொல்லிவிடும்.

படத்தைப் பார்த்ததும் விஷயம் ஓரளவு புரிந்தது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை வைரஸ் தடுப்பு மென்பொருளிலிருந்து வரவில்லை. குரோம் உலாவி வழியாக ஏதோ ஓர் இணையத்தளம் அனுப்பும் அறிவிப்பு அது. இது நடக்கும் விதம் எளிது. ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறோம். ‘நீங்கள் இயந்திரம் அல்ல என்பதை உறுதிப்படுத்த, அலவ் என்ற பொத்தானை அழுத்துங்கள்’ என்று வருகிறது. அழுத்திவிடுகிறோம். உண்மையில் நாம் கொடுத்தது, நம் திரையில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற அனுமதி. அதற்குப் பிறகு அந்தத் தளத்தை மூடிவிட்டாலும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மூத்தோர் ‘வைரஸ்’ என்று நினைத்து அஞ்சுவது பல நேரங்களில் இதைத்தான். வைரஸ் என்பது பொய். அந்தப் பொய்யை நம்பி அழைத்தால் வருபவன் மெய்யான திருடன்.

ஒரு நேரத்தில் ஒரு படி

தொலைபேசியில் வழி சொல்வது ஒரு கலை. என் கணினியிலும் அதே உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டேன். “அதை கிளிக் பண்ணுங்க, இதை மூடுங்க” என்று சொன்னால் எது அது, எது இது என்று அவருக்கு எப்படித் தெரியும்? “வலப்பக்கம் மேல் மூலையில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் இருக்கும், தெரிகிறதா ஐயா?” என்று இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் தெரிகிறது என்று சொன்ன பிறகே அடுத்த படி. ஒவ்வொரு படிக்குப் பிறகும் திரையில் உள்ளதை அவரையே வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அல்லவா, கணீரென்று வாசித்தார்.

மூன்று புள்ளிகள், அதில் ‘செட்டிங்ஸ்’, அதில் தனியுரிமையும் பாதுகாப்பும் பற்றிய பகுதி, அதில் தளங்களுக்கான அமைப்பு, அதில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருந்தது. அவர் அறியாத நான்கு பெயர்கள். ஒவ்வொன்றாக நீக்கினார். அதன்பின் உலாவியின் ‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் துணைநிரல்களைப் பார்க்கச் சொன்னேன். கோப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. தேடல் பக்கம் கொஞ்ச நாளாக வேறு எங்கோ போகிறது என்று அவர் சொன்னதற்கு அதுதான் காரணம். அதையும் நீக்கினோம். கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அண்மையில் புதிதாக ஏதும் நுழைந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

முழுச் சோதனைக்கு முன்னால் அவருடைய பள்ளி வரலாற்றை ஒரு விரலியில் நகல் எடுக்கச் சொன்னேன். வைத்தியம் தொடங்குமுன் உயிரானதைப் பத்திரப்படுத்திவிட வேண்டும். பிறகு இணைப்பைத் திரும்பக் கொடுத்து, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பித்து, அதன் ‘ஆஃப்லைன்’ சோதனையைத் தொடங்கினோம். அதன் சிறப்பு என்னவென்றால், விண்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே அது கணினியைச் சோதிக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள்கூட அப்போது அகப்பட்டுக்கொள்ளும். அதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். “கணினி தானாக அணைந்து எழும், பயப்படாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்.

சோதனையில் வேறு எதுவும் அகப்படவில்லை. கடைசியாக, கைத்தொலைபேசி வழியாக மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினார். சந்தேகத்துக்கு உள்ளான கணினியில் கடவுச்சொல்லை மாற்றக்கூடாது. திருடன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பூட்டின் சாவியைக் காட்டுவதுபோல் ஆகிவிடும். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளை நிறுவி, கணினியை அவர்கள் கையில் கொடுத்திருந்தால் இந்த வைத்தியம் போதாது. உள்ளே எதை விதைத்துவிட்டுப் போனார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கணினியை முழுவதும் அழித்து, விண்டோஸை மீண்டும் நிறுவுவதே வழி.

உதவியும் திருட்டும் ஒரே கருவியில்

“இவ்வளவு சிரமம் எதற்கு? தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே?” என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. விண்டோஸிலேயே ‘குவிக் அசிஸ்ட்’ இருக்கிறது. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவையும் இருக்கின்றன. ஒரு குறியீட்டைச் சொன்னால் அவருடைய திரை நம் முன்னே வந்துவிடும். ஒன்றரை மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே கருவிகளைத்தான். 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஓர் எச்சரிக்கை விடுத்தது. குற்றக் கும்பல் ஒன்று தொழில்நுட்ப உதவியாளர்போல் அழைத்து, குவிக் அசிஸ்ட் வழியாக நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணயப்பணம் கேட்கும் நிரல்களைப் பரப்புவதாக அது தெரிவித்தது.

இங்கேதான் நாம் ஆழமாகச் சிந்திக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு குரல் சொல்கிறது, பெரியவர் கேள்வி கேட்காமல் செய்கிறார். நாம் உதவும்போதும் அதுதான் நடக்கிறது, திருடன் ஏமாற்றும்போதும் அதுதான் நடக்கிறது. ‘குரல் சொன்னால் கேள்’ என்ற பழக்கத்தை நம் உதவியே அவருக்கு ஏற்படுத்திவிடக்கூடாது. இப்போது குரலைக்கூடக் கணினியால் போலியாக உருவாக்க முடிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே சில விதிகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர்தாம் நம்மை அழைக்க வேண்டும், தாம் குறித்து வைத்திருக்கும் எண்ணில் அழைக்க வேண்டும். நாமாக அழைத்து ‘கணினியைத் திறங்கள்’ என்று சொல்லமாட்டோம். சொன்னால் அது நாமல்ல. குடும்பத்துக்குள் ஒரு மறைச்சொல்லை நேரில் முடிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். திரையைப் பகிருமுன் வங்கிப் பக்கங்களை மூடிவிட வேண்டும். கடவுச்சொல்லை நம்மிடமும் சொல்லக்கூடாது. வேலை முடிந்ததும், புதிதாக நிறுவிய கருவியை அவர் கையாலேயே நீக்கச் சொல்ல வேண்டும். “நான் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று என்னைக் கேளுங்கள் ஐயா, கேட்டால்தான் எனக்குப் பிடிக்கும்” என்று சொல்லிப் பழக்க வேண்டும். நம்மையே கேள்வி கேட்கப் பழகியவர் நாளைக்குத் திருடனையும் கேட்பார்.

கையில் இருக்கும் கணினி

இன்று பல மூத்தோருக்குக் கணினி என்றால் கைத்தொலைபேசிதான். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் நச்சு நிரல் தொடர்பான மோசடிகள் ஏறத்தாழ 1,900 பதிவாகின. 34 மில்லியன் வெள்ளிக்கும் மேல் பறிபோனது. உணவு, வீடு துப்புரவு என்று ஃபேஸ்புக்கில் மலிவு விலை விளம்பரம் வரும். தொடர்புகொண்டால், இந்தச் செயலியை நிறுவிப் பணம் செலுத்துங்கள் என்று ஒரு கோப்பு வரும். ‘ஏபிகே’ என்று முடியும் ஆண்ட்ராய்டு கோப்பு அது. மலேசியாவில் இதே தந்திரம் திருமண அழைப்பிதழ் வடிவில் வாட்ஸ்அப்பில் வந்தது. திருமணப் பத்திரிகையைத் திறக்காத தமிழர் உண்டா?

அந்தச் செயலி, பார்வைக் குறைவு உள்ளோருக்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் ‘ஆக்சஸிபிலிட்டி’ வசதிக்கு அனுமதி கேட்கும். அந்த வசதி திரையில் உள்ளதைப் படிக்கும், பயனீட்டாளருக்காகப் பொத்தானையும் அழுத்தும். இயலாதோருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருக்கச் செய்த வசதி, திருடனுக்குக் கண்ணும் கையும் ஆகிவிடுகிறது. பெரியவர் உறங்கும்போது அவருடைய தொலைபேசியே பணத்தை அனுப்பிவிடும்.

இப்படி நேர்ந்தால் நாம் தொலைவிலிருந்து சொல்ல வேண்டியது இதுதான்: தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வீட்டில் உள்ள வேறு தொலைபேசியில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள். நீங்க மறுத்தால் தொலைபேசியைத் தொடக்க நிலைக்கு மாற்றிவிடுங்கள். காவல்துறையிலும் புகார் கொடுங்கள்.

சிங்கப்பூரில் சந்தேகம் கேட்க 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 2024இல் அறிமுகமானது. மலேசியாவில் 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை நிலையத்தின் எண் 997. 2023 நவம்பரில் சிங்கப்பூரின் மூன்று உள்ளூர் வங்கிகளும், சேமிப்பின் ஒரு பகுதியை இணையம் வழியாகத் தொட முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. தொலைபேசி திருடன் கைக்குப் போனாலும் பூட்டிய பணம் அங்கேயே இருக்கும். மூத்தோருக்கு இதைவிட நல்ல காப்பு இல்லை என்பேன்.

பழைய கணினியும் புதிய கடமையும்

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நாம் புதிய கணினி வாங்குவோம், பழையதை அப்பாவுக்குக் கொடுப்போம். அன்போடுதான் கொடுக்கிறோம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியைக் கொடுப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் பெற்றோரைக் குடிவைப்பதற்குச் சமம். கொடுக்குமுன் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். முக்கியமான கோப்புகளுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூத்தோருக்கும் ஒரு வார்த்தை. ஏமாறுவது அறிவுக்குறைவு அல்ல. இந்தத் திருட்டைத் தொழிலாகவே நடத்தும் கும்பல்கள் இருக்கின்றன. அவர்களிடம் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும்கூட ஏமாறுகிறார்கள். வெட்கப்பட்டு மறைத்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நீங்கள் கொடுக்கும் அவகாசம். உடனே சொல்லிவிடுங்கள்.

இளையர்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வாரக் கடைசியில் உங்கள் பெற்றோரையோ, உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரையோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவையோ அழையுங்கள். “கணினியில் எதுவும் விசித்திரமாக வந்தால் இரவு எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் திட்டமாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். விலை கொடுத்து வாங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆண்டுதோறும் காலாவதியாகும். இந்த ஒரு வாக்கு காலாவதியாகாது.